எட்டாம் நம்பர் சப்பாத்து

கனடாவுக்கு வந்த முதல் மாரிக் குளிரில் காலுக்குச் சின்னச் சப்பாத்து வாங்காத யாழ்ப்பாணத்து ஆள் ஒருவரை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம். நானும் வாங்கினேன். ஊரில் எனக்கு எட்டாம் நம்பர். அதனால் இங்கேயும் கடையில் போய் எட்டு என்றே கேட்டேன். போட்டுப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். போட்டுப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. "புதுச் சப்பாத்து அப்பிடித்தான் தம்பி, போடப் போட இளகும்" என்றார் கூட வந்த அண்ணை. அவரும் அப்படியே ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு நொண்டிக்கொண்டுதான் நின்றார். அந்த மாரி முடியும்போது என் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துக் கழன்றுவிட்டன. அடுத்த வருஷம்தான் விஷயம் விளங்கியது. ஊர் நம்பர் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன பிரித்தானிய நம்பர், இங்கே இருப்பது அமெரிக்க நம்பர். எங்கள் எட்டு இங்கே ஒன்பது. இந்தியாவிலும் எங்கள் நம்பர்தான்.

இது ஒரு பெரிய அறிவு இல்லை. ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு நான் இரண்டு கிழமை வாயைத் திறக்காமல் இருந்தேன். அதனால் ஒரு பெடியனுடைய கால்விரல்கள் போயின. மற்றவர்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் ஒன்றுவிடாமல் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என்னை ஒளித்துவிட்டு அவர்களைத் திட்டினால் அது ஆண்பிள்ளைத்தனம் இல்லை.

நான் வேலை செய்வது மிசிசாகாவில், குளிர்ச் சப்பாத்துகளைப் பெட்டி கட்டி அனுப்பும் ஒரு களஞ்சியத்தில். ஸ்காபரோவில் மோர்னிங்சைட்டில் இருக்கும் என் வீட்டில் இருந்து ஒவ்வொரு நாளும் காலையில் 401 நெடுஞ்சாலையில் ஏறி, முன்னால் நிற்கிற காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேருவேன். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. 'லீட் ஹாண்ட்', தலையாள் என்று எனக்கு ஒரு பட்டம் தந்திருக்கிறார்கள். பிழை நடந்தால் என்னைக் கேட்பார்கள், சரியாக நடந்தால் மனேச்சரைப் பாராட்டுவார்கள். அதுதான் அந்தப் பட்டத்தின் அர்த்தம்.

அந்தக் கோடையில் ஒரு பெரிய ஓடர் வந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நாங்கள் கம்பளி வைத்துத் தைத்த பூட்ஸ்களுக்கு நடுவில் வியர்த்து வழிகிறோம். மனேச்சர் எல்லோரையும் மதியச் சாப்பாட்டு அறையில் கூட்டி வைத்துத் திரையில் படம் காட்டினார். அவர் ஸ்காபரோவில் பிறந்த தமிழ்ப் பெடியன், வயது முப்பத்தைந்துக்குள். திரையில் பனி மலை, மலையில் தகரக் கொட்டில், கொட்டிலுக்கு முன்னால் மூட்டை மாதிரி உடுத்திக்கொண்டு நாலு சிப்பாய்கள். இரண்டு பெரிய நாடுகள் நான் பிறப்பதற்கு முதலே அந்த மலையில் ஆளை ஆள் முறைத்துக்கொண்டு நிற்கத் தொடங்கிவிட்டன. எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதில் இன்றுவரை இரண்டு பேருக்கும் ஒத்து வரவில்லை. அதில் இந்தியப் பக்கத்துச் சிப்பாய்களுக்கு இடைத்தரகர் ஒருவர் மூலமாக நாங்கள் பூட்ஸ் அனுப்ப வேண்டும்.

"அவையள் இப்ப எல்லாத்தையும் ரீஃபோம் பண்ணினம்" என்றார் மனேச்சர், தானே சீர்திருத்தியது போல. முன்பெல்லாம் சாமான் மூன்று நான்கு களஞ்சியங்களில் தங்கித் தங்கித்தான் மலை ஏறுமாம். வழியில் தேங்கும், பழுதாகும், ஒரு இடத்தில் குவிந்து கிடக்கும்போது இன்னொரு இடத்தில் இருக்காது. இனி அப்படி இல்லை. ஒவ்வொரு காவலரணுக்கும் எத்தனை பேர், எந்த நம்பர் என்று பட்டியல் வந்துவிடும். நாங்கள் இங்கேயே காவலரண் வாரியாகப் பெட்டி கட்டி முத்திரை வைத்து அனுப்பினால், அது நேரே மலைக்குப் போய்விடும். "பேசிக்கலி, அவங்கட ஆமி எங்கட மெதட்டைக் கொப்பி பண்ணுது" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் கையை உயர்த்தினேன். "இடையில ஆர் பெட்டியைத் திறந்து பாப்பினம்?"

"ஒருத்தரும் இல்லை அங்கிள். தட்ஸ் த பொயின்ற்."

"மிச்சம் மேலதிகமா எத்தினை சோடி?"

"சீரோ. எண்ணினதுதான் போகும்."

அட, நல்ல கெட்டித்தனம். அந்த மலையில் மாரி தொடங்கினால் கணவாய் மூடிவிடும், அதற்குப் பிறகு பனி உருகும்வரை ஒரு வண்டியும் ஏறாது என்று சொன்னதும் அதே வாய்தான். பெட்டி அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பிழை என்று கண்டுபிடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி அந்தத் திரையில் எங்கேயும் இருக்கவில்லை. எங்கள் களஞ்சியத்தில் சப்பாத்து பிழையாகப் போனால் கடைக்காரன் திருப்பி அனுப்புவான், நாங்கள் வேறு அனுப்புவோம். மலை உச்சியில் நிற்கிறவன் எங்கே திருப்பி அனுப்புவான்? சாப்பாட்டு அறையில் இருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

முதல் நாள் பெட்டி உடைத்தபோதே நான் ஒரு சோடியை எடுத்துக் காலில் போட்டுப் பார்த்தேன். இது என் பழக்கம். புதுச் சரக்கு எது வந்தாலும் போட்டுப் பார்ப்பேன், பெடியங்கள் சிரிப்பார்கள். எட்டு என்று அடித்திருந்தது. விரல் மடங்கியது. அது அமெரிக்க எட்டு. பட்டியலைப் பார்த்தேன். ஏழு, எட்டு என்று கூட்டமாக, ஒன்பது அங்கொன்று இங்கொன்றாக. அது ஊர் நம்பர் என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்களின் காலை எனக்குத் தெரியாதா? எட்டு என்று கேட்டவனுக்கு இங்கே ஒன்பதைக் கொடுக்க வேண்டும். நாங்கள் எட்டையே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். குளிரில் இறுக்கமான சப்பாத்து என்றால், தடித்த மொத்தக் காலுறை போட இடம் இல்லை, விரல் அசைக்க இடம் இல்லை, இரத்தம் ஓடாது. இதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் வசந்தகாலத்தில் சிறுவர் பூட்ஸ் ஓடர் ஒன்றில் லேபல் மாறி வந்திருந்தது. நான் மனேச்சரிடம் போய்ச் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் அவர் சொன்ன பதில்: "அங்கிள், யூ ஆர் நொட் பெய்ட் டு திங்க். ஸ்கான் பண்ணுங்கோ, போதும்." என் மகன் வயதுப் பெடியன்! பெட்டி தூக்கும் ஃபோக்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன் கூடச் சிரித்தான். ஒரு மாதம் கழித்து அந்தச் சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது. அதைத் திரும்பப் பிரித்து அடுக்கியதும் நான்தான். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. அன்றைக்கே முடிவு எடுத்தேன், இனி என் வாயில் இருந்து ஒன்றும் வராது, சொன்னதை மட்டும் செய்வேன் என்று. ரோசம் வந்தால் நான் இப்படித்தான். வீட்டில் மனைவியுடன் கோபித்துக்கொண்டால் மூன்று நாள் கதைக்க மாட்டேன், அவள் வைத்த சோற்றைத் தின்றுவிட்டு எழும்பிப் போவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு எந்தப் படையையும் பிடிக்காது. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்து வளர்ந்தவன் நான். எந்த நாட்டுப் பூட்ஸ் என்பது எங்களுக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. படைக்காரனுக்குக் கால் இறுகினால் எனக்கென்ன என்றும் ஒரு நினைப்பு அன்றைக்கு வந்தது. சீ, இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் வந்தது. முத்திரை வைத்த பெட்டியை என் கைக்குப் பிறகு திறக்கப் போவது மலையில் நிற்கிறவன்தான் என்று தெரிந்துகொண்டே ரேப் நாடாவை ஒட்டினேன்.

முதல் கிழமை முடிவில் ஒரு கொன்ரெயினர் போனது. அடுத்த வியாழக்கிழமை இரண்டாவது போனது. மூன்றாவது எங்கள் ஏற்றுதளத்தில் பாதி நிரம்பி நின்றது.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை. என்னுடன் காரில் ஒரு பிள்ளை வருவாள். எங்கள் அலுவலகத்தில் கணினியில் பொதிப் பட்டியல் தட்டுகிறவள், ஊர் தென்காசிப் பக்கம், படிக்க வந்து வேலைக்குச் சேர்ந்தவள். மோர்னிங்சைட்டில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நிலக்கீழ் அறையில் இருக்கிறாள். பஸ்ஸிலும் ரயிலிலும் மிசிசாகா போவதென்றால் பாதி நாள் அதிலேயே போய்விடும் என்பதால் நான்தான் ஏற்றிக்கொண்டு போவேன். அவளுடைய தம்பி அங்கே படையில் இருந்தான். புதிதாகக் கொண்டுவந்த முறையில் சேர்ந்தவன். நாலு வருஷம்தான் வேலை. அதன் முடிவில் கொஞ்சப் பேரை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டு மிச்சப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தம்பிக்கு நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. தகப்பன் இல்லை, தாய் தனியே. அந்தப் பெடியன் நிரந்தரமாவானா என்பதுதான் அந்த வீட்டில் இருந்த ஒரே பேச்சு.

"அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாதுண்ணா. ஓட மட்டும்தான் தெரியும். ஓடி ஓடித்தான் செலக்ட் ஆனான்" என்று முன்பு ஒருநாள் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு அவள் ஏறும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு. "அண்ணா, ஒரு விஷயம் தெரியுமா? தம்பிக்குப் போஸ்டிங் மாத்திட்டாங்க. மலைக்கு. நம்ம பூட்ஸ் போகுதுல்ல, அதே பக்கம்தான்!" ஃபோனில் அவன் அனுப்பிய குரலைப் போட்டுக் காட்டினாள். பின்னால் காற்று இரைகிறது. "எக்கா, கனடாலேர்ந்து புது பூட்ஸ் வருதாம்ல. ஒன் ஊருதானே? நல்லதா பாத்து அனுப்பச் சொல்லு. எனக்கு ஒம்பது. மறந்துராத."

அவள் சிரித்தாள்.

"பிள்ளை" என்றேன். "அந்த நம்பர் பிழை."

"என்னண்ணா?"

"ஒன்பது எண்டு அவன் சொல்லுறது உங்கட ஊர் ஒன்பது. நாங்கள் அனுப்பினது இந்த நாட்டு ஒன்பது. எல்லாம் ஒரு நம்பர் சின்னன்."

விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. அவளும் இங்கே வந்து காலணி வாங்கிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவள்தான். "ஐயோ" என்றாள். "நான் தட்டுனேனே. நம்பரை அப்படியே தட்டுனேனே. பூட்ஸ கண்ணால பாக்கலையே அண்ணா." அவள் பார்த்தது நம்பரை மட்டும். மனேச்சருக்குத் தெரிந்தது இந்த நாட்டு நம்பர் மட்டும். பூட்ஸையும் பார்த்து இரண்டு நம்பரையும் தெரிந்து வைத்திருந்தவன் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருத்தன்தான்.

எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று அவள் அப்போது கேட்கவில்லை. அன்றைக்குக் காலையில்தான் எனக்குப் புத்தியில் பட்டது என்று நினைத்திருக்க வேண்டும். நானும் திருத்தவில்லை.

களஞ்சியத்துக்குப் போனவுடன் அவள் ஓடர்க் கோப்பைத் திறந்து கடைசிப் பக்கம்வரை போனாள். 'அப்பெண்டிக்ஸ்' என்று ஒருவரும் அச்சிடாத ஒரு இணைப்பு அங்கே இருந்தது. ஒவ்வொரு நம்பருக்கும் பாதத்தின் நீளம், சென்ரிமீற்றரில். நான் ஒரு எட்டாம் நம்பர் பூட்ஸுக்குள் கிடக்கும் பாதப் பட்டையை உருவி எடுத்து அளவுநாடா பிடித்தேன். கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் குறைவு. இணைப்பை அச்சிட்ட தாளையும் நாடாவையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் மனேச்சரின் அறைக்குப் போனோம்.

அவர் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அங்கிள், அவை சைஸ் எய்ற் கேட்டவை. நாங்கள் சைஸ் எய்ற் குடுத்தனாங்கள். லீகலி வீ ஆர் ஃபைன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? தாளில சென்ரிமீற்றர் கிடக்குதெல்லோ!"

"அது அப்பெண்டிக்ஸ்."

எனக்கு மண்டை கொதித்தது. அதுவரை 'நீர்' என்று மரியாதையாகக் கதைத்த வாய் 'நீ'க்கு மாறியது. "டேய், உன்ர காலை வெட்டி அப்பெண்டிக்ஸில ஒட்டட்டே? மனிசற்ற கால் இது! பனிக்குள்ள நிக்கப் போற பெடியங்கள்!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே ஃபோக்லிஃப்ட் எல்லாம் நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து முகம்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "அங்கிள், திங்க் அபவுட் இற். இப்ப நிப்பாட்டினால் ஷிப்மென்ற் லேற். லேற் எண்டால் கணவாய் மூடிடும். அவைக்கு இந்த வின்ரருக்கு ஒண்டும் இல்லை. இறுக்கமான பூட்ஸா, பூட்ஸே இல்லையா? நீங்களே சொல்லுங்கோ."

நினைக்கச் சம்பளம் தரவில்லை என்று சொன்ன அதே வாய் இப்போது நினைத்துப் பார் என்கிறது. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்க அவர் தயாராக இருந்தாரே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நின்ற கொன்ரெயினரையாவது திருத்துவோம் என்றேன். நேரம் பிந்தாது என்றால் செய்யுங்கோ என்றார்.

மூன்று நாள். என் ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரும் நின்றார்கள், முன்பு சிரித்த ஃபோக்லிஃப்ட் பெடியன் உட்பட. பெட்டியைக் கிழித்து, ஒன்பதை எடுத்து எட்டு என்று லேபல் ஒட்டி, எட்டை எடுத்து ஏழு என்று ஒட்டி, போதாத ஒன்பதையும் பெரிய காலுக்குப் பத்தாம் நம்பரையும் கடைகளுக்குப் போகிற சரக்கில் இருந்து உருவி, திரும்ப முத்திரை வைத்தோம். மூன்றே நாள்! குறித்த திகதிக்கு ஒரு நாள் முதலே அது தளத்தை விட்டுப் போனது. இவ்வளவு லேசான வேலை. முதல் நாளே யாராவது வாயைத் திறந்திருந்தால் மூன்று கொன்ரெயினரும் சரியான அளவோடு போயிருக்கும்.

போன இரண்டும் கடலில். அவை இரண்டும் தம்பி நின்ற பக்கத்துக்கு. மனேச்சர் இடைத்தரகருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். அதை அந்தப் பிள்ளை எனக்கு வாசித்துக் காட்டினாள். லேபலில் 'சிறிய வேறுபாடு' ஒன்று இருக்கிறதாம், 'நடவடிக்கை எதுவும் தேவை இல்லை'யாம். தரகர் நன்றி என்று ஒரு சொல்லில் பதில் போட்டார். அதோடு அவர்களுக்கு அது முடிந்துவிட்டது. படைக்காரருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இலையுதிர்காலத்தில் சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினார்கள். நேரம் தவறாமல் அனுப்பி முடித்ததற்காம். கேக்கின் மேல் ஐசிங்கில் ஒரு பூட்ஸ் வரைந்திருந்தது. அந்தப் பிள்ளை வரவில்லை, தன் மேசையிலேயே இருந்துவிட்டாள். மனேச்சர் தன் கையால் தட்டை நீட்டினார். நான் வாங்கித் தின்றேன். ஏன் தின்றாய் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவள் தன்னால் முடிந்ததைச் செய்திருந்தாள். தம்பிக்கு ஃபோன் பண்ணி, பூட்ஸ் வந்தால் ஒரு நம்பர் பெரிசாகக் கேட்டு வாங்கு என்று சொன்னாள். அவன் சொன்ன பதிலைக் காரில் என்னிடம் ஒப்புவித்தாள். "யாருகிட்டக்கா கேக்கறது? எண்ணித்தான வருது." மலைக்குக் கீழே முன்பு இருந்த களஞ்சியம் இப்போதும் இருந்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். சீர்திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பூட்ஸ் போய்ச் சேர்ந்த கையோடு கணவாயும் மூடிவிட்டது. பழைய ஆட்கள் போன வருஷத்துத் தேய்ந்த பூட்ஸைத் திரும்ப எடுத்து ஒட்டுப் போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார்கள். தம்பி புதிதாகப் போனவன், அவனிடம் பழையது இல்லை.

தை மாதம் தொடக்கம் அவள் காரில் கதைப்பது குறைந்துகொண்டு வந்தது. துண்டு துண்டாகத்தான் சொன்னாள். மொத்தக் காலுறை போட்டால் கால் நுழையவில்லை என்று மெல்லியது போட்டிருக்கிறான். பிறகு விரல் மரத்துப்போகிறது என்று இடது பூட்ஸின் முன்பக்கத்தைக் கத்தியால் கீறி விட்டிருக்கிறான். விரல் அசைந்தது, ஆனால் பனியும் உள்ளே போனது. ரோந்து போய் வந்த ஒரு நாள் காலுறையைக் கழற்றினால் விரல் கறுத்திருந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதற்கு வானம் தெளியும்வரை ஹெலிகொப்ரருக்குக் காத்திருந்தார்கள். இடது காலில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். மருத்துவத் தகுதி போய்விட்டது. நிரந்தரமாக எடுக்கும் பட்டியலில் அவன் பெயர் இல்லை. நாலு வருஷம் முடிந்தது, வீட்டுக்குப் போ.

நான் மனேச்சரிடம் போய் இதைச் சொன்னேன். "ஓ மை கோட். தட்ஸ் சோ சாட், அங்கிள்" என்றார். அவருடைய கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அழுதுவிட்டு அவர் அடுத்த மாரிக்கான அதே ஓடருக்குக் கூட்டம் வைக்கப் போய்விட்டார். இந்த முறை பட்டியலில் ஊர் நம்பர், இந்த நாட்டு நம்பர் என்று இரண்டு நிரல் போட்டிருந்தார். கூட்டத்தில் அதைத் தன் யோசனை என்று சொன்னார். இனி அது யாருடைய யோசனையாக இருந்தால் என்ன.

பங்குனி மாதம், வேலை முடிந்து வரும் வழி. 401 இல் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, நம்பர் தப்புன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

இவ்வளவு மாதமும் அந்தக் கேள்விக்காகப் பயந்துகொண்டிருந்தேன். பொய் நாக்கு நுனியில் நின்றது. அன்றைக்குக் காலையில்தான் என்று சொன்னால் முடிந்தது, அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

"முதல் நாளே தெரியும்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மனேச்சரோட எனக்குக் கோவம். என்னை அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால அவமானப்படுத்தினவர். அதுதான் நான் கதைக்கேல்லை. உம்மட தம்பி அங்கை நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை."

"வேற யாரோட தம்பியோன்னா பரவால்லையாண்ணா?"

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம் கூடப் போடவில்லை. அவள் என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம், காரை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்துவது? இன்னும் முக்கால் மணித்தியாலம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு வந்தோம். வாழ்நாளில் எனக்கு வந்த கோபம் அத்தனையும் அந்தக் காருக்குள் வந்து என் மேலேயே உட்கார்ந்தது. ரோசமாம் ரோசம்! ஒரு பெடியன் மனேச்சராக இருந்துகொண்டு சொன்ன ஒரு சொல்லுக்கு, முகம் தெரியாத எத்தனை பேருடைய காலை நான் பணயம் வைத்தேன். அவன் தெரியாமல் செய்தான். நான் தெரிந்து செய்தேன். யார் மேல் கத்துவதற்கு எனக்கு வாய் இருக்கிறது?

அவளுடைய தெருமுனையில் நிறுத்தினேன். அவள் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தம்பிக்கு ஒரு கடையில வேலை கெடைச்சிருக்கு. நாள் முழுக்க நிக்கிற வேலை. இங்கேர்ந்து நல்ல ஷூ ஒண்ணு வாங்கி அனுப்பலாம்னு இருக்கேன்" என்றாள். "வலது கால் ஒம்பது. இடது கால் இப்ப என்ன நம்பர் வரும்னு எனக்குத் தெரியலை. சோடியா ஒரே நம்பர்லதான விப்பாங்க. நம்பர் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். எது வாங்கணும்ணா?"

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லும்வரை கதவைச் சாத்தாமல் குளிருக்குள் நின்றாள்.